உலைக்குத் தப்பிய செம்பு: கீவனா பயணக் குறிப்புகள்

முதல் நாள்: சிகாகோவிலிருந்து ஹோட்டன்

மூன்று ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் ஒரு வியாபாரியிடம் 'இயற்கைச் செம்பு, மிச்சிகன்' என்ற விவரத்தை நம்பி உள்ளங்கை அளவுள்ள துண்டு ஒன்றை வாங்கினேன். கிளைகிளையாகப் பிரிந்து பளபளவென்று இருந்த அதைக் கனிமக் கண்காட்சி ஒன்றுக்குப் பெருமையோடு எடுத்துப் போனபோது, அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்து, அடிப்பக்கத்துச் சிறு குமிழிகளின் மேல் நகத்தை ஓட்டிவிட்டு, இது உலையில் சிந்திய செம்பு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். உருக்கிய செம்பு தரையில் தெறித்து உறைந்தாலும் கிளைகள் வரும். ஆனால் கிளைகளின் முனைகள் மெழுகு வடிந்தாற்போல் உருண்டிருக்கும், படிக முகம் ஒன்றுகூட இருக்காது. போன பணத்தைவிட, பார்க்கத் தெரியாமல் வாங்கினேனே என்ற வெட்கம்தான் அதிகம் உறுத்தியது. உண்மையான செம்பை அது பிறந்த இடத்திலேயே போய்ப் பார்ப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். விடுப்பும் வானிலையும் ஒத்துவர மூன்று கோடைகள் ஆயின.

சிகாகோவில் மிச்சிகன் ஏரியை ஒட்டிச் செல்லும் 41-ஆம் எண் நெடுஞ்சாலைதான், விஸ்கான்சினைக் கடந்து, சுப்பீரியர் ஏரிக்குள் விரலை நீட்டினாற்போல் கிடக்கும் கீவனா தீபகற்பத்தின் நுனி வரை சென்று காட்டுக்குள் முடிந்துபோகிறது. துணைக்கு மனைவியின் தம்பி வந்திருக்கிறான். கல் என்றால் அவனுக்குச் சிறுநீரகக் கல் ஒன்றுதான் தெரியும். இருந்தாலும் கார் ஓட்டுவதில் கெட்டிக்காரன். வழியில் நேர மண்டலம் மாறி ஒரு மணி நேரத்தைப் பறிகொடுத்தோம். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் இங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், ஹோட்டனையும் ஹான்காக்கையும் இணைக்கும் தூக்குப் பாலத்தைத் தாண்டும்போதே எதிர்க் குன்றின் மேல் குவின்சி சுரங்கத்தின் உயர்ந்த தகரக் கட்டடம் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாம் நாள்: சீமன் கனிம அருங்காட்சியகம்

மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1885-இல் ஒரு சுரங்கப் பள்ளியாகத் தொடங்கியது. அதன் ஏ. இ. சீமன் கனிம அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். மாலையில் கதவைச் சாத்தும் வரை உள்ளேயே இருந்தோம்.

உலகத்தின் பெரும்பாலான செம்புச் சுரங்கங்களில் செம்பு கந்தகத்தோடு கூடிய தாதுவாகத்தான் கிடைக்கும். அதை வறுத்து உருக்கிய பிறகே உலோகம் வரும். கீவனாவில் செம்பு உலோகமாகவே பாறைக்குள் இருக்கிறது. ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் கண்டம் நடுவே பிளக்கத் தொடங்கி, எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து உறைந்தது; பிளவு முழுமையடையாமல் நின்றுபோயிற்று. அந்த அடுக்குகள் ஏரிக்கு அடியில் தொட்டில்போல் வளைந்து இறங்கி, மறுகரையில் ஐல் ராயல் தீவாக மீண்டும் தலைகாட்டுகின்றன. ஆழத்துப் பாறைகளிலிருந்து செம்பைக் கரைத்துக்கொண்டு மேலேறிய வெந்நீர், எரிமலைக் குழம்பின் மேற்பரப்பில் வாயு வெளியேறிய குமிழிக் குழிகளிலும், அடுக்குகளுக்கு இடையே கிடந்த கூழாங்கல் படுகைகளிலும், குறுக்கே ஓடிய வெடிப்புகளிலும் அதைப் படியவைத்தது. பிடித்துக்கொள்ளப் போதிய கந்தகம் அங்கே இல்லாததால் செம்பு தனித்தே நின்றது.

கண்ணாடிப் பேழைக்குள் முதலில் நான் தேடியது முனைகளைத்தான். கனசதுரத்தின் ஆறு முகங்களின் மேலும் தாழ்வான நான்கு சரிவுக் கூரை ஒன்றை வேய்ந்தால் இருபத்து நான்கு முகங்கள் கிடைக்குமல்லவா, அந்த வடிவம்தான் கீவனாச் செம்புப் படிகங்களில் அடிக்கடி காணப்படுவது. சுண்டைக்காய் அளவுள்ள அத்தகைய படிகங்கள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறிக் கொத்தாக நின்றன. ஒவ்வொரு விளிம்பும் கத்தியால் சீவியதுபோல் கூர்மையாக இருந்தது. என் வீட்டு அலமாரியில் இருக்கும் துண்டை நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த பேழை என்னை இன்னும் நெடுநேரம் நிறுத்திவைத்தது. குவின்சியில் கிடைத்த கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் படிகங்கள் சிலவற்றுக்குள் செம்பு இருக்கிறது. கால்சைட் வளர்ந்துகொண்டிருந்தபோது அதன் முகங்களின் மேல் செம்பு மென்துகளாகப் படிந்து, பிறகு கால்சைட் அதையும் மூடி வளர்ந்திருக்கிறது. ஆகவே தெளிந்த படிகத்துக்குள் செந்நிறத்தில் இன்னொரு படிகத்தின் உருவம், ஒரு காலத்தில் இது இவ்வளவு சிறியதாக இருந்தது என்று அளவெடுத்து வைத்ததுபோல் நிற்கிறது. நோக்குமிடத்தைச் சற்று மாற்றினால் உள்ளே இருப்பது பொன்னிறமாகவும், மறுபடி மாற்றினால் ரத்தச் சிவப்பாகவும் தெரிந்தது. மைத்துனன் அங்கே வந்து வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அத்தான், இது நிஜமாவே தரைக்குள்ளேருந்து வந்ததா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே அவனை இவ்வளவு தூரம் அழைத்து வந்தது தகும்.

செம்பும் வெள்ளியும் ஒரே துண்டில் ஒட்டி வளர்ந்த மாதிரிகளும் இருந்தன. இரண்டும் கலந்து உலோகக் கலவையாகவில்லை. செம்மை முடியும் இடத்தில் வெண்மை கோடு கிழித்தாற்போல் தொடங்குகிறது. இதற்குச் சுரங்கத்தார் வைத்த பெயர் 'ஹாஃப்-பிரீட்'. கலப்புப் பெற்றோருக்குப் பிறந்தவர்களை இழிவாகச் சொல்லப் பயன்பட்ட சொல் அது. சேகரிப்பாளர்கள் இன்றும் அதையே வழங்குகிறார்கள். என் மாதிரிகளோடு வைக்கும் விவர அட்டைகளில் 'செம்பு-வெள்ளி' என்றுதான் எழுதுவேன். கேலுமெட் பகுதியின் கூழாங்கல் படுகையில் கூழாங்கற்களைச் சுற்றித் தோல்போல் செம்பு படிந்து, உள்ளே இருந்த கல் உதிர்ந்தபின் ஓடு மட்டும் எஞ்சிய துண்டுகளுக்கு 'மண்டை ஓடு' என்று பெயர். அது பொருத்தமான பெயர்தான்.

வெளியே ஒரு கொட்டகையில், சுப்பீரியர் ஏரியின் அடியிலிருந்து தூக்கி வந்த பல டன் எடையுள்ள செம்புப் பலகை ஒன்று கிடத்தப்பட்டிருக்கிறது. தொட அனுமதி உண்டு. வெயிலில் நன்றாகச் சூடேறியிருந்தது.

மூன்றாம் நாள்: குவின்சி

குவின்சி சுரங்கம் 1846 முதல் 1945 வரை நடந்தது. 1868-இலிருந்து 1920 வரை ஓராண்டும் விடாமல் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கொடுத்ததால் அதற்கு 'பழைய நம்பகன்' என்ற பட்டப்பெயர். இரண்டாம் எண் சுரங்க வாய் சாய்வாகவே இறங்கி, சாய்வுத் தொலைவில் 9,260 அடியைத் தொட்டது. அவ்வளவு ஆழத்திலிருந்து பாறையை இழுத்தெடுக்க 1920-இல் நிறுவிய நார்ட்பெர்க் நீராவிப் பாரந்தூக்கி, இவ்வகையில் உலகில் கட்டப்பட்டவற்றுள் மிகப் பெரியது. அது ஓடியதோ பதினொரே ஆண்டுகள். எந்திரப் பிரியர்கள் அங்கே மணிக்கணக்கில் நிற்கிறார்கள். நான் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன்.

பல்சக்கர ரயிலில் குன்றின் சரிவில் இறங்கி, கிடைவழியாக ஏழாம் தளத்துக்குள் நுழைந்தோம். அதற்குக் கீழே உள்ள தளங்கள் அனைத்தும் நீரில் மூழ்கிக் கிடக்கின்றன. வெளியே வியர்க்கும் ஆகஸ்டில் உள்ளே ஆறு டிகிரி செல்சியஸ். கொடுத்த மேலங்கியை வேண்டாம் என்று சொன்ன மைத்துனன் பத்தாவது நிமிடம் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டான்.

இங்கே கிடைத்த செம்பு மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டது. பாறையில் மணிமணியாகச் சிதறியிருப்பது ஆலைக்குப் போய் இடிபட்டுக் கழுவப்படும். கைக்கு அடங்கும் துண்டுகள் பீப்பாயில் அடைத்து நேராக உலைக்கு அனுப்பப்படும். அதனால் அவற்றுக்குப் பீப்பாய்ச் செம்பு என்று பெயர். மூன்றாவது, பாளமாகக் கிடக்கும் செம்பு. அதுதான் தொல்லை. வெடி வைத்தால் சுற்றியுள்ள பாறை பெயரும், பாளம் உடையாது. செம்பு நொறுங்கும் பொருளல்ல. ஆகவே ஒருவர் நீண்ட உளியைப் பிடித்துக்கொள்ள, இருவர் மாறி மாறிச் சம்மட்டியால் அடித்து, விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்காலைப் பாளத்தின் குறுக்கே வெட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு முறையும் தச்சரின் இழைப்புளியிலிருந்து சுருள் வருவதுபோல் ஒரு செம்புச் சுருள் கழன்று விழும். ஒன்டனாகன் பக்கத்தில் மினசோட்டா என்ற பெயருள்ள சுரங்கத்தில் 1850-களில் அகப்பட்ட ஏறத்தாழ 500 டன் பாளத்தை இப்படி அறுத்து வெளியேற்ற ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று. அந்த உளிச் சுருள்களைச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். அது மனிதன் செய்தது, கனிம மாதிரி அல்ல என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கு ஒன்று கிடைத்தால் விடமாட்டேன்.

1845-இலிருந்து 1968 வரை இந்த வட்டாரம் கொடுத்த செம்பு ஏறத்தாழ 50 லட்சம் டன். அதில் எத்தனை கொத்துகள் நேற்று நான் பார்த்ததைப்போல் இருந்திருக்கும் என்று அந்தக் குளிரில் நினைத்துப் பார்த்தேன். கம்பெனிக்குப் படிகமும் ஒன்றுதான், கட்டியும் ஒன்றுதான். இரண்டுக்கும் பவுண்டுக்கு ஒரே விலை. அழகான துண்டைக் கண்ட தொழிலாளி அதைச் சாப்பாட்டுத் தூக்குக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் அதற்குப் பெயர் திருட்டு. காலையில் மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் பொதிந்த கார்ன்வால் பாஸ்டியைச் சுமந்து இறங்கிய தூக்கு, மாலையில் வெள்ளியைச் சுமந்து ஏறியது. அருங்காட்சியகப் பேழைகளில் இன்று இருப்பவற்றுள் ஒரு நல்ல பங்கு அந்தத் தூக்குகளின் வழியே தப்பி வந்தவை. பிடிபட்டவர்களின் துண்டுகள் மின்கம்பிகளாகிவிட்டன.

நான்காம் நாள்: கழிவுக் குவியல்

செம்பு போதாது என்று சுரங்க வாயிலேயே ஒதுக்கிக் கொட்டிய பாறையை இங்கே 'ஏழைப் பாறை' என்று அழைக்கிறார்கள். தீபகற்பமெங்கும் அதன் குவியல்கள், பாதி மரம் மூடியும் பாதி மொட்டையாகவும் நிற்கின்றன. தேசிய வரலாற்றுப் பூங்காவைச் சேர்ந்த இடங்களில் ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது. தனியார் குவியலில் உரிமையாளரின் அனுமதி வேண்டும். சுரங்க வாய்களின் பக்கமே போகக் கூடாது. அவற்றுக்கு வௌவால் மட்டும் போய்வரும்படி இரும்புக் கூண்டு போட்டிருக்கிறார்கள். மூடாத பழைய குழிகளும் காட்டுக்குள் உண்டு. நாங்கள் தொலைபேசியில் முன்பே பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து, தீபகற்பத்தின் நடுவே ஒரு குவியலுக்குப் போனோம். உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி இடத்தைச் சொல்லவில்லை.

ஒன்றரை நூற்றாண்டாக எல்லாரும் பொறுக்கிய இடம் என்பதால் கண்ணுக்குத் தெரியும் செம்பு மிச்சமில்லை. மெட்டல் டிடெக்டர்தான் வழி. முதல் இரண்டு மணி நேரம் அது எங்களுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவை தண்டவாள ஆணிகள், இரும்பு வளையம், துருப்பிடித்த சங்கிலிக் கண்ணிகள் இரண்டு. மைத்துனன் அவற்றை வரிசையாக அடுக்கி வைத்து, "அத்தான், பழைய இரும்புக் கடை ஒண்ணு போட்டுடலாம்" என்றான். இரும்புக்கும் செம்புக்கும் ஓசை வேறு என்பது மூன்றாவது மணி நேரத்தில்தான் காதுக்குப் பழகியது. செம்பின் ஓசை மேலே ஏறி, தயங்காமல் நிற்கும்.

அப்படி நின்ற ஓர் இடத்தில் இரண்டடி தோண்டியதும், இளநீர்க்காய் அளவுள்ள சாம்பல் நிறப் பாறை ஒன்று வந்தது. தூக்கியவுடனே தெரிந்துவிட்டது. கண் ஒரு கனத்தை எதிர்பார்க்கிறது, மணிக்கட்டு வேறொன்றைச் சொல்கிறது. தண்ணீர் தெளித்துத் துடைத்தபோது எபிடோட் என்ற கனிமத்தின் பிஸ்தாப் பச்சையும், ஒரு விளிம்பில் களிம்பின் நீலப் பச்சையும் எழுந்தன. சம்மட்டியால் அடித்தேன். பாறை விரிசல் விட்டது, ஆனால் பிரியவில்லை. இன்னும் இரண்டு அடி அடித்தும் இரு பாதிகளும் கொஞ்சம் அசைந்தனவே ஒழிய ஒன்றையொன்று விடவில்லை. பலாச்சுளையைப் பிய்க்கும்போது நார் இழுத்துப் பிடிக்குமே, அப்படி உள்ளே செம்பு இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தது. இதற்கு மேல் அடித்தால் உள்ளே இருக்கும் படிகங்கள் நசுங்கும். நல்ல மாதிரிகளில் பாதியைக் கெடுப்பது இந்த நான்காவது அடிதான் என்பதை எங்கோ படித்திருந்தேன். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

விரிசலுக்குள் டார்ச்சு அடித்துப் பார்த்தபோது வெள்ளைக் கால்சைட்டும், அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் கரிய முனைகள் சிலவும் தெரிந்தன. இயற்கைச் செம்பு புதிதாக வெளிவரும்போது பளபளப்பதில்லை. கறுப்பும் பழுப்பும் பூசியே இருக்கும். அந்தக் கரிய முனை ஒன்றில் கூரை போன்ற விளிம்பு ஒன்று டார்ச்சு வெளிச்சத்தில் நேர்கோடாக மின்னியது.

மாலைக்குள் இன்னும் நான்கு சிறு துண்டுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ப்ரெனைட் என்ற கனிமத்தின் வெளிர்பச்சையில் செம்புத் துகள் தூவியது. அது மைத்துனன் கண்டுபிடித்தது. அதை அவன் காரில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

ஐந்தாம் நாள்: அமிலமும் அட்டையும்

கேலுமெட்டில், நண்பர் ஒருவர் அறிமுகப்படுத்திய முதிய சேகரிப்பாளர் வீட்டுக்குப் போனோம். ஃபின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். அவருடைய காரேஜில் கார் நிற்கவில்லை. அது முழுக்கத் தட்டுகளும் வாளிகளுமாக இருந்தது.

விரிசல் விட்ட எங்கள் பாறையை மர ஆப்புகளை இறுக்கி மெல்ல மெல்லத் திறந்தவர், கால்சைட்டை எவ்வளவு கரைக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். இந்தத் தொழிலில் சண்டை நடக்கும் இடமே இதுதான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் கால்சைட் நுரைத்துக் கரைந்து செம்பு முழுவதும் வெளியே வரும்; பார்ப்பவர்கள் வியப்பார்கள். ஆனால் கால்சைட்டும் மாதிரியின் ஒரு பகுதி. அதோடு டாடோலைட், அனல்சைம் போன்ற துணைக் கனிமங்களையும் அமிலம் தின்றுவிடும். சென்ற ஆண்டு நியாயமாக வாங்கிய ஒரு துண்டை நானே ஓர் இரவு முழுவதும் அமிலத்தில் மறந்துவிட்டு, காலையில் ரோஜா நிறத்தில் கூர்மை மழுங்கிய ஒரு பொருளை எடுத்தேன். நூறு கோடி ஆண்டு தாக்குப்பிடித்தது என் வீட்டுப் பிளாஸ்டிக் டப்பாவில் ஒரே இரவில் தீர்ந்தது. இதை அவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எல்லாரிடமும் அப்படி ஒன்று உண்டு என்று சொல்லி, தம்முடையதைக் காட்டினார்.

கறுப்புப் பூச்சை எடுக்க வேண்டும் என்றால் ரோஷல் உப்பும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்த கரைசல் ஆக்சைடை மட்டும் கரைக்கும், உலோகத்தைத் தொடாது என்றார். அவர் அதையும் எல்லாவற்றுக்கும் செய்வதில்லை. எங்கள் துண்டில் நெயில் பாலிஷால் கால்சைட்டின் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டு, நீர்த்த அமிலத்தைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை கழுவி, மூன்று படிகங்கள் தோள்வரை வெளிவந்ததும் நிறுத்தினார். கறுப்பை அப்படியே விட்டார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. பளபளப்பைப் பார்த்து ஏமாந்தவன் அல்லவா நான்.

புறப்படும் முன் அவர் ஒரு தட்டை இழுத்துக் காட்டினார். வெள்ளி படர்ந்த அருமையான செம்புத் துண்டு. அதன் கீழே மஞ்சளேறிய சிறு காகிதத்தில் சுரங்கத்தின் பெயர், தள எண், ஆண்டு, மூன்றும் பென்சிலால் எழுதியிருந்தன. பக்கத்திலேயே அதைவிடப் பெரியது, அதைவிட அழகானது. கீழே காகிதம் இல்லை. முதலாவதை விற்கமாட்டாராம். இரண்டாவதற்கு விலை கேட்டால் உடனே சொன்னார்.

ஆறாம் நாள்: கே கடற்கரை, திரும்பும் வழி

ஏரியோரம் கே என்ற சிற்றூருக்குப் போனோம். 1901 முதல் 1932 வரை ஆலைகள் இடித்துக் கழுவிய பாறைத்தூள், ஏறத்தாழ 2.3 கோடி டன், இந்தக் கரையில்தான் கொட்டப்பட்டது. சாம்பல் கறுப்பு மணல் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. அலைகள் அதைத் தெற்கே தள்ளிச் சென்று, மீன்கள் முட்டையிடும் பஃபலோ திட்டை மூடிக்கொண்டிருக்கின்றன. ஓர் உலோகத் துகளுக்காக எவ்வளவு பாறை இடிபட்டது என்பதை எண்ணாகப் படித்ததைவிட இங்கே நடந்தபோதுதான் உறைத்தது. அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க மனம் வரவில்லை.

சிகாகோ வந்து சேர இரவாகிவிட்டது. தூங்கும் முன் ஐந்து துண்டுகளுக்கும் அட்டை எழுத உட்கார்ந்தேன். எங்கள் குவியலின் ஒரு பகுதி சாலைக்குக் கல் நிரப்பும்போது வேறெங்கோ இருந்து வந்தது என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். ஆகவே சுரங்கத்தின் பெயரைப் போட மனம் ஆசைப்பட்டாலும் போடவில்லை. 'இயற்கைச் செம்பு, கால்சைட்டுடன். கழிவுக் குவியல், இரண்டடி ஆழம், கீவனா தீபகற்பம், மிச்சிகன்' என்று எழுதி, தேதியும் இட்டேன். ப்ரெனைட் துண்டின் அட்டையில் கண்டெடுத்தவர் என்ற இடத்தில் மைத்துனன் பெயர்.

அதற்குப் பிறகு அலமாரியிலிருந்து அந்தப் பழைய பளபளப்பை எடுத்து, 'உலைச் சிதறல், இடம் தெரியாது' என்று எழுதி, அதே தட்டில் வைத்தேன்.